மார்கழிக் கடலின் வெப்பநிலை குறித்துச் சில பூர்வாங்க முடிவுகள்

டிசம்பர் பிறந்ததும் திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு வெளியூர் உறவினரிடமிருந்து ஒரே கேள்வி பல குரல்களில் வந்து சேர்கிறது: "அங்கே இப்போ கடல்ல குளிக்கலாமா, இல்ல குளிருமா?" கேட்பவர் பெரும்பாலும் மும்பையில் சொகுசுக் கப்பல் ஏறிக் கொச்சியில் இறங்கி, அங்கிருந்து காரில் கோவளம் வரத் திட்டமிட்டிருப்பவர். பெட்டியில் நீச்சல் உடையை வைப்பதா, ஸ்வெட்டரை வைப்பதா என்பது அவர் சிக்கல். நம்மவர்கள் "வாங்க, பாத்துக்கலாம்" என்று போனை வைத்துவிடுகிறார்கள். திருக்குறளுக்கு எத்தனையோ உரைகள் கண்ட சமூகம் இந்த வினாவுக்கு ஓர் அடிக்குறிப்புகூட எழுதாமல் விட்டது வருந்தத்தக்கது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருள் குறித்து அறிஞரிடையே இரு கட்சிகள் உண்டு. ஸ்வெட்டர் கட்சியினர் மார்கழியை ஒரு மாதமாகக் கருதுவதில்லை, ஒரு நோயாகவே கருதுகிறார்கள். மங்கி குல்லா, மஃப்ளர், காதில் பஞ்சு ஆகியவை அவர்களது பிரமாணங்கள். துவர்த்துக் கட்சியினர் ஆண்டு முழுவதும் தோளில் ஒரு துவர்த்தோடு, அதாவது குளியல் துண்டோடு, திரிபவர்கள். எந்த நீரைக் கண்டாலும் இறங்கிவிடுவார்கள். கட்டுரையாளர் இரண்டாம் கட்சி. நடுநிலை வகிப்பதாகப் பாசாங்கு செய்வது ஆய்வு நேர்மைக்கு அழகல்ல.

முதலில் காற்று. வெப்பத்தை அளப்பதில் இவ்வூருக்கு நெடிய மரபு இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் இங்கே வானாய்வகம் அமைத்து, ஜான் கால்டிகாட் என்பவரை அதற்குத் தலைவராக்கினார். 1852இல் அப்பதவிக்கு வந்த ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஊரில் அளந்தது போதாதென்று அகத்திய மலை மேலேயும் கருவிகளைச் சுமக்கவைத்து இன்னோர் ஆய்வகம் நிறுவினார். குளிரைப் பார்க்க ஒரு மனிதர் 1,868 மீட்டர் உயர மலையில் ஏற வேண்டியிருந்தது என்பது எங்கள் கட்சியின் முதல் சான்று. அவர் போனது காந்தப்புலத்தை அளக்க என்று எதிர்க்கட்சி சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும். ஊருக்குள் டிசம்பர், ஜனவரி அதிகாலை 22, 23 டிகிரி. பகலில் 31, 32. இதைக் குளிர்காலம் என்று அழைப்பது நாட்காட்டிக்கு நாம் காட்டும் மரியாதை, அவ்வளவே.

இனி நீர். விஷயம் இங்கேதான் தலைகீழாகிறது. மார்கழி, தை மாதங்களில் கோவளத்துக் கடலின் மேற்பரப்பு சுமார் 28 டிகிரி. சித்திரை, வைகாசியில் 30ஐத் தொடும். அப்படியானால் இந்தக் கடல் ஆண்டிலேயே அதிகம் குளிர்வது எப்போது? ஆடியில். தென்மேற்குப் பருவக்காற்று கரையோரமாகத் தெற்கு நோக்கி வீசும்போது மேல்நீர் கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. மேற்பரப்பு 25, 26 டிகிரிக்கு இறங்கிவிடும். அடியிலிருந்து வரும் நீர் சத்துகளையும் சேர்த்துக் கொண்டுவருவதால்தான் சாளை மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வருகிறது. ஆக, குளிர்ந்த கடலில் குளித்தே தீருவேன் என்று வைராக்கியம் கொண்டவர் ஜூலையில் வர வேண்டும். வந்தாலும் பயனில்லை. அப்போது அலை ஆளுயரத்துக்கு மேல் எழும், கரை நெடுகச் சிவப்புக் கொடி பறக்கும். இந்தக் கடல் குளிரும்போது இறங்க விடமாட்டார்கள். இறங்க விடும்போது குளிராது.

சென்னைவாசிகள் இதை நம்ப மறுப்பதற்கும் காரணம் உண்டு. அவர்கள் ஊர்க் கடல் ஒழுங்காக நாட்காட்டியைப் பின்பற்றுவது. மெரினாவில் ஆண்டின் குளிர்ந்த நீர் ஜனவரியை ஒட்டித்தான். தங்கள் கடலின் பஞ்சாங்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழையும் பெரும் ஆறுகளும் கலந்து உப்புக் குறைந்த வங்கக் கடல் நீர், குளிர்காலத்தில் இலங்கையைச் சுற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்குத் தெற்கே திரும்பி, இந்த மேற்குக் கரை வழியே வடக்கு நோக்கிப் பாய்கிறது. உப்புக் குறைந்த நீர் எடை குறைந்தது. கனத்த நீரின் மேல் போர்வையாகப் படுத்து, கீழ்க்குளிர் மேலே வராமல் காக்கிறது. சென்னைக்காரர் ஜனவரியில் கோவளத்தில் இறங்கினால், தம் ஊர்ப்பக்கத்து நீர் தமக்கு முன்பே சுற்றுலா வந்திருப்பதைக் காணலாம்.

28 டிகிரி போதுமா என்பது அடுத்த வினா. உலக நீச்சல் அமைப்பான வேர்ல்ட் அக்வாடிக்ஸ் போட்டிக் குளங்களுக்கு விதித்திருப்பது 25 முதல் 28 டிகிரி வரை. திறந்த நீர்ப் போட்டிகளுக்குக் கீழ் எல்லை 16, மேல் எல்லை 31. பதினெட்டுக்குக் கீழே போனால்தான் வெட்சூட் கட்டாயம். அந்தக் கணக்குப்படி கோவளத்து மார்கழிக் கடலில் போட்டி நடத்தினால், வீரர்கள் வெந்நீர் என்று புகார் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம்.

"அற்றேல், கரையில் நிற்கும் என் மச்சினன் பல் கிட்டித்து நடுங்குவது என்னை?" என வினவுவார் உளர். நல்ல வினா. இதற்கு விடை காண நீச்சல் என்பதை வரையறுத்தாக வேண்டும். கோவளம் லைட்ஹவுஸ் பீச்சில் எந்த ஞாயிற்றுக்கிழமை மாலையும் சில நூறு பேர் நீரில் இருப்பார்கள். அவர்களில் நீந்துபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் செய்வதற்கு ஆய்வுலகில் இன்னும் பெயரிடப்படவில்லை. இடுப்பளவு நீரில் குடும்பத்தோடு கைகோத்து நின்று, அலை வரும்போது "ஏய்ய்" என்று கத்தி ஒரு குதி குதித்து, அலை போனதும் விழுந்தவர்களை எண்ணிப் பார்ப்பது. அசையாமல் நிற்கும் உடம்பு நீரில் வெப்பத்தை இழக்காமல் இருக்க நீர் 33 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது உடலியல். காற்றைவிட நீர் சுமார் இருபத்தைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவது. நீந்துபவன் தசையை உழைக்கவைத்து அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறான். நிற்பவன் அரை மணி நேரத்தில் கடனாளியாகிறான்.

அதைவிடப் பெரிய குற்றவாளி துணி. வெள்ளைக்காரர் சிறு உடையோடு இறங்குகிறார். ஏறியதும் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறார். நம் பெண்கள் சுடிதாரும் துப்பட்டாவுமாக, சிலர் புடவையோடு, இறங்குகிறார்கள். ஆண்கள் ஜீன்ஸோடு இறங்குவதை விளக்கும் கோட்பாடு எதுவும் கட்டுரையாளரிடம் இல்லை. நனைந்த பருத்தித் துணி நிறைய நீரைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நீர் மாலைக் காற்றில் மெல்ல ஆவியாகி, ஆவியாகும் ஒவ்வொரு துளிக்கும் உரிய வெப்பத்தை உடம்பிலிருந்தே வசூலிக்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். இங்கே பானை மச்சினன். அவர் நடுங்குவது உண்மை, அதில் ஐயமில்லை. ஆனால் பழியைக் கடல் மேல் போடுவது அநியாயம். வழக்கைத் துணிக்கடை மேல்தான் தொடுக்க வேண்டும்.

இறங்கலாமா என்பதை வெப்பமானி மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். குளிர்காலக் கடல் சாது என்று எழுதிவிட்டு 2017 நவம்பர் இறுதியை மறைக்க முடியாது. ஒக்கிப் புயலில் பூந்துறை, விழிஞ்ஞம், அந்தப் பக்கம் தூத்தூர், சின்னத்துறை என்று கரை முழுக்க எத்தனையோ வீடுகளுக்கு ஆட்கள் திரும்பவில்லை. புயல் இல்லாத நாளிலும் கோவளத்தில் அடி இழுப்பு உண்டு. நீச்சல் தெரிந்தவர்களையே அது கொண்டுபோயிருக்கிறது. அங்கே விசிலோடு நிற்கும் லைஃப் கார்டுகள் எங்கள் கட்சியையும் சேர்ந்தவர்கள் அல்லர், எதிர்க்கட்சியையும் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

கப்பல் விஷயத்துக்கு வருவோம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் புறப்பட்ட பிறகுதான் நம் குடும்பங்களில் 'க்ரூஸ்' என்ற பேச்சு வீட்டுப் பேச்சாயிற்று என்று நினைக்கிறேன். மும்பையிலிருந்து தெற்கே வருவோருக்கு ஒரு நற்செய்தி: ஜனவரியில் மும்பைக் கடல் 25, 26 டிகிரிதான், கொச்சி நெருங்கும்போது 28. தூங்கி எழுவதற்குள் கடல் சூடேறியிருக்கும். ஆனால் அவர்கள் அந்தக் கடலில் நீந்தப் போவதில்லை. மேல்தளத்துச் சிறு குளத்தில்தான் நீந்தப் போகிறார்கள். பல கப்பல்களில் அக்குளத்துக்குக் கடல்நீரையே எடுத்து நிரப்புவதால், தாம் தப்பிவந்த கடலிலேயே எட்டு மாடி உயரத்தில் குளிக்கிறார்கள் என்றும் சொல்லலாம். நீர் கதகதப்பு. காற்றோ கப்பலே உண்டாக்குவது. 18 நாட் வேகத்தில் போகும் கப்பலில், வெளியே இலை அசையாத நாளிலும் மணிக்கு 33 கிலோமீட்டர் காற்று எதிரே வீசும். குளத்தை விட்டு ஏறி நாற்காலியில் கிடக்கும் துண்டை எடுக்க நடக்கும் அந்தப் பத்தடிதான் மொத்தப் பயணத்திலும் உண்மையான குளிர்காலம். ஆகவே, கப்பலுக்கு இரண்டு துண்டு, கோவளத்துக்கு ஒன்று.

சரி, கடலில் இறங்கத் தோதான மாதம் எது? இதில் பழமையான சான்று பத்மநாபசுவாமி கோயிலில் இருக்கிறது. ஐப்பசியிலும் பங்குனியிலும் உற்சவம் முடிந்து சுவாமி ஆறாட்டு என்னும் நீராடலுக்குச் சங்குமுகம் கடலுக்கு எழுந்தருளுகிறார். வழியில் விமான நிலையம். ஆண்டுக்கு இருமுறை விமானங்களை நிறுத்திவைத்து, ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து போக வழிவிடுகிறார்கள். ஐப்பசியில் ஆழக்குளிர் அடங்கிக் கடல் மீண்டும் சூடாகிவிட்டது. பங்குனியில் ஆண்டின் உச்சத்தை நெருங்குகிறது. ஆடி இல்லை, மார்கழியும் இல்லை. தெய்வச் செயலைக் கடலியல் தரவாகக் கொள்ளலாமா என்று தயங்குவோர் தயங்கலாம். மார்கழி விடுபட்டதை ஸ்வெட்டர் கட்சி தனக்குச் சாதகமாகத் திருப்பப் பார்க்கும். அவர்களுக்கு மறுமொழி: அந்த மாதத்தில் இவ்வூர்ப் பெண்கள் திருவாதிரைக்கு விடியுமுன் குளத்தில் இறங்கி, பாடிக்கொண்டே நீரைக் கையால் அடித்துத் துடித்துக் குளிக்கிறார்கள். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் நாற்பத்தொரு நாளும் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். குளத்து நீரும் தொட்டி நீரும் இரவெல்லாம் குளிர்ந்து கடலைவிடச் சில டிகிரி கீழே இருப்பவை.

அப்படிக் குளித்து வந்த பிறகும் இங்கே சளி பிடிப்பதில்லை என்று மூதாட்டிகள் சாதிப்பார்கள். காரணம் கேட்டால், தலை துவட்டியதும் உச்சியில் ஒரு சிட்டிகை ராஸ்னாதிப் பொடியைத் தேய்த்துவிடுவார்கள். கோவளத்தில் வாடகை வேனின் பின்கதவைத் திறந்துவைத்து ஈரத்துணி மாற்றும் குடும்பங்களிலும் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து அந்த டப்பா வெளிவருவதைக் காணலாம். வேர்ல்ட் அக்வாடிக்ஸ் விதிகளில் வெட்சூட்டின் தடிமனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். இதைப் பற்றி ஒரு வரி இல்லை.