அங்குசத்துக்கு அலையற மாப்ளைக்கு

ஏண்டா மாப்ள, ஆனையை வாங்கிக் கொட்டாயில கட்டிட்டு அங்குசத்துக்கு அலையறியாமா? எந்தங்கச்சி போன்ல ஒரே பொலம்பல். ஸ்டாண்டர்டு ஹெரால்டு! மெட்ராசுலயே செஞ்ச வண்டி, 1961-ல ஆரம்பிச்சு ஒரு பத்து வருசம் வந்துச்சு. பெயிண்டு அடிச்சாச்சு, சீட்டுக்கு ரெக்சின் தெச்சாச்சு, சொந்தபந்தம் பூராத்துக்கும் போட்டோ அனுப்பியாச்சு. பிரேக் பைப்புக்கு நாலு நட்டுத்தான் கெடைக்கலையாமா. பரவால்ல உடு, போட்டோவுல அது நின்னுட்டுத்தானே இருக்குது.

புதுப்பேட்டையில கடைகடையா ஏறி எறங்கி, "அண்ணா, ஹெரால்டுக்கு பிரேக் நட்டு இருக்குங்களா"ன்னு கேட்டியாமா. இல்லைன்னு சொன்னா யாவாரம் போச்சு. டப்பாவைக் கவுத்துக் கைக்கு வந்ததை எடுத்து நீட்டியிருப்பாங்க. நீயும் தலையைத் தலையை ஆட்டிட்டு வாங்கியாந்திருப்ப. வண்டி பேரைச் சொல்லிக் கேக்காதடா, மரையைச் சொல்லிக் கேளு.

நீ தேடறது 3/8 யூஎன்எஃப், அங்குலத்துக்கு 24 மரை. அதுக்குள்ள போற பைப்பு 3/16 அங்குலம். வெர்னியர்ல வெச்சா 4.76 மில்லி காட்டும். இன்னிக்கு ஓடற மாருதிக்கெல்லாம் 10 மில்லி நட்டு, ஒரு மில்லி மரை. 3/8-ங்கறது 9.5 மில்லி. ரெண்டையும் உள்ளங்கையில உருட்டி, எது எதுன்னு உங்கொப்பன்கிட்ட கேட்டுப் பாரு. அந்த மனுசனுக்கு ரெண்டும் நட்டுத்தான்.

பெரிசைச் சின்ன ஓட்டையில வெச்சா ஏறாது. நீ சும்மா இருப்பியா, ஸ்பேனரைப் போட்டு நெட்டி வீல் சிலிண்டர் மரையைச் சீரழிப்ப. போனாப் போவுது, காசோட முடிஞ்சுது. சின்னதைப் பெரிய ஓட்டையில போட்டாத்தான் விசேஷம். விரல்ல சுத்துனாலே வழுக்கிட்டு ஏறும். "மாமா, அட்டகாசமா செட் ஆயிருச்சு"ன்னு எனக்கே போன் போடுவ. கடைசியில இறுகுன தோரணையும் காட்டும். பெடலை ஓங்கி மிதிச்சா உள்ள சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு சுமாருக்கு அழுத்தம் ஏறும். அப்பத்தான் அது கழண்டு வந்து உன்னைய நலம் விசாரிக்கும். இந்த வண்டிக்கெல்லாம் பிரேக்குக்கு ஒரே லைனு. ஒரு மூட்டு உட்டுச்சுன்னா நாலு சக்கரமும் கையை விரிச்சுரும்.

பழைய பைப்பைக் காயலாங்கடைக்குப் போட்டுட்டேன்னு மட்டும் சொல்லிறாத. நட்டுக்குப் பக்கத்துல ரெண்டு அங்குலம் உட்டு அறுத்து, எந்தச் சக்கரத்துதுன்னு காயிதத்துல எழுதிக் கட்டி வை. அறுத்துட்டா ரிங் ஸ்பேனர் உள்ள போகும், நட்டு மூலை மழுங்காது. மண்ணெண்ணெயில ஊறப் போட்டுக் கம்பி பிரஷ்ஷுல தேச்சுப் பாரு, பாதி நட்டு நல்லாவே இருக்கும். அப்பறம் சுத்தமாக் கழுவிரு. மண்ணெண்ணெ பட்டா பிரேக் ரப்பர் ஊதிப்போயிரும். அந்தக் காலத்துல பிரேக் எண்ணெயே விளக்கெண்ணெயில ஆல்கஹால் கலந்ததுதான் தெரியுமா. உங்கொப்பனுக்குப் பழைய வண்டி மேல என்னத்துக்கு அத்தனை பாசம்னு இப்பப் புரியுதா?

பைப் முனையையும் பாத்துக்க. உருண்டு புடைச்சிருந்தா ஒரு ரகம், உள்ள மடிஞ்சு குழிஞ்சிருந்தா இன்னொரு ரகம். மாத்திப் போட்டா ஒழுகும். எண்ணெயை நிறுத்தறது அந்த முனை, மரைக்கு அந்த வேலையில்ல. உன்னாட்டம் மரை கழண்டவங்கதான் அங்க டெஃப்லான் டேப்பைச் சுத்திட்டு உக்காந்திருப்பாங்க, வீட்டுக் கொழாய்ங்கற நெனப்புல. ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிட்ட செம்புப் பைப்பு சும்மா கெடைக்குதுன்னு வளைச்சு மாட்டிறாத. வெறுஞ்செம்பு அதிர்வுல இறுகி வெடிப்பு உடும். குப்ரோநிக்கல்னு ஒண்ணு இருக்குது, லேசா வளையும், துருப் புடிக்காது. காசு கூடத்தான். பெயிண்டுக்குக் கொட்டுனப்ப யோசிச்சியா?

எங்க கெடைக்கும்னுதானே கேக்கற? அம்பாசடர் 2014 வரைக்கும் வந்துச்சு, அந்தச் சாமான் விக்கற கடையில தொழாவு. ஆனா மரை கேஜை வெச்சு வெளிச்சத்துல பாத்து, இடுக்குல வெளிச்சம் தெரியலைன்னாத்தான் காசை எடு. இங்கிலாந்துக்காரன் பழைய காரை இன்னும் கொஞ்சிட்டுத் திரியறதால இதே நட்டைப் புதுசாவே செஞ்சு விக்கறான். அதுக்கும் கை வரலைன்னா நம்ம கோயமுத்தூர்ல லேத்துப் பட்டறைக்காரர்கிட்ட அறுகோணக் கம்பியையும் அறுத்து வெச்ச துண்டையும் குடு, கடைஞ்சு குடுத்துருவாரு. துண்டில்லாம வாயில வெவரம் சொன்னீன்னா 10 மில்லிதான் வரும், அப்பறம் என்னையத் திட்டாத.

முடிஞ்சதும் வண்டியை இங்க ஓட்டிட்டு வா. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, ஏறிட்டு எறங்கலாம். உங்கொப்பனை முன்சீட்டுல உக்கார வெச்சுக்க. நான் பின்னாலயே பஸ்ஸுல வர்றேன்.