சைக்கிளை விட்டு இறங்கு

ஞாயிற்றுக்கிழமை காலை. ஈஜோக்கிலிருந்து அசாம் ஜாவா போகும் சாலையோரத்தில் ஓர் ஒட்டுக்கடை. கல்லில் ரொட்டி சானாய் வெந்துகொண்டிருந்தது. முதலில் சத்தம்தான் வந்தது. மேகமே இல்லாமல் இடி இடித்தால் எப்படி இருக்கும், அப்படி. கடைக்குப் பின்னால் மேய்ந்த கோழிகள் நாலாபக்கமும் சிதறின. பிறகு ஆரஞ்சில் ஒன்று, பச்சையில் ஒன்று, மஞ்சளில் இரண்டு என்று வரிசையாகப் பதினோரு வண்டிகள். லம்போர்கினி, ஃபெராரி, மெக்லாரன். கூட்டத்தில் இடம்பிடிக்க ஆசைப்பட்டு வாலில் ஓடிவந்த ஒரு பழைய போர்ஷே. செகிஞ்சான் வயல்வெளியில் நின்று படம் பிடித்து, இறால் தின்று, வெயில் சாய்வதற்குள் கோலாலம்பூர் திரும்பும் கூட்டம். நெல்லை எந்த மாதம் அறுப்பார்கள் என்று கேட்டால் இவர்களுக்குத் தெரியாது. பச்சை வயலுக்கு எந்த நிற வண்டி எடுப்பாக இருக்கும் என்பது அத்துப்படி.

எதிர்ப்பக்கத்தில் புல்லுக்கட்டோடு ஹோண்டா இஎக்ஸ்-5 மோட்டார் சைக்கிளில் ஒரு பெரியவர் வந்தார். சத்தம் கேட்டதும் வண்டியை மண்ணில் இறக்கினார். எஞ்சினை அணைத்தார். தானும் இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பதினோராவது வண்டி போய் மறையும்வரை நின்றார்.

தேநீர் குடிக்க வந்து உட்கார்ந்தவரிடம் கேட்டேன். "ஏன் தாத்தா எறங்கி நின்னீங்க? ரோடு ஒங்களுக்கும்தானே?"

"பெரிய காடி தம்பி. நாமதான் பாத்துக்கணும்."

இந்தப் பதிலுக்கு அவரைவிட வயது அதிகம். இதே சிலாங்கூரில் துரையோ தோட்டத்து அலுவலரோ எதிரே வந்தால், சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கி நிற்க வேண்டும் என்பது ஒரு காலத்து வழக்கம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கோரிக்கைப் பட்டியலில் அதுவும் ஏறியது. கூலியை உயர்த்து, பள்ளிக்கூடம் கொடு, மருத்துவம் கொடு, எங்கள் பெண்களிடம் வாலாட்டாதே, கள்ளுக்கடையை மூடு. அவற்றோடு, சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். வெள்ளைக்கார அரசு நாதனைப் பிடித்து நாடு கடத்தியது, பட்டாளத்தை இறக்கியது, சுட்டது. சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தபடியே போகும் உரிமைக்காக ஆட்கள் செத்த மண் இது. இன்றைக்குப் பட்டாளம் தேவைப்படவில்லை. ஒரு ஹார்ன்கூட தேவைப்படவில்லை. பெரியவர் தானாகவே இறங்கிவிட்டார். சுதந்திரம் என்றால் சும்மாவா?

அவர் யாருக்காக இறங்கினார் என்பதையும் பார்த்துவிடுவோம். அந்த வரிசையின் ராஜா லம்போர்கினி அவெந்தடோர். 12 சிலிண்டர், 6,498 சிசி, 700 குதிரைச் சக்தி. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 2.9 வினாடி. எழுநூறு குதிரையைக் கட்டி இழுத்துக்கொண்டு இந்த மனிதர் எந்த அவசரத்துக்குப் போகிறார்? பிரசவமா? தீயா? இறால்.

தனியார் பெயரில் பதிந்தால் இதற்குத் தீபகற்ப மலேசியாவில் ஆண்டுச் சாலை வரி 17,871 வெள்ளி. பெரியவரின் இஎக்ஸ்-5க்கு 2 வெள்ளி. "பார்த்தீர்களா, எவ்வளவு கட்டுகிறோம்! சாலையே எங்கள் காசில்தான் நிற்கிறது" என்று உடனே நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். நியாயம்தான். கட்டினால். 2025இல் சாலைப் போக்குவரத்துத் துறை ஒரு சோதனை நடவடிக்கைக்கு 'ஓப் லக்சரி' என்றே பெயர் வைத்து, வரி கட்டாமல் ஓடிய சொகுசு வண்டிகளை மடக்கிப் பறிமுதல் செய்தது. லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கியவனுக்கு வரி கட்ட மட்டும் கை வரவில்லை. தோட்டத்துப் பையன் இரண்டு வெள்ளி வரியைப் புதுப்பிக்க மறந்தால் அதன் பெயர் குற்றம். இவர்கள் மறந்தால் 'கவனக்குறைவு', 'என் உதவியாளர் பார்த்துக்கொள்கிறார்'.

வேகத்துக்கு வருவோம். அளவுக்கு மீறி ஓட்டினால் சம்மன் 300 வெள்ளிவரை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்குகிறவனுக்கு அது நாலரை நாள் வேலை. அவெந்தடோர்காரனுக்கு ஒருமுறை டேங்க் நிரப்புகிற காசு. அதற்கும் 2025வரை அவ்வப்போது பாதி விலைத் தள்ளுபடி அறிவித்துவந்தார்கள், தீபாவளிச் சேலை விற்பனை மாதிரி. சட்டத்தின் முன் எல்லாரும் சமம். ஆத்திரத்துக்கும் அளவு இருக்கிறது, ஆனால் இந்த வாக்கியத்தை எழுதும்போது மட்டும் பேனா உடைகிறது.

அந்த வண்டியின் டயரைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். உள்ளே நம் வீட்டுக் கதைதான் கேட்கும். 1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு மாடல்-டி காரைச் சந்தைக்கு விட்டார். கார் பெருகப் பெருக டயர் வேண்டியிருந்தது, டயருக்கு ரப்பர் பால் வேண்டியிருந்தது. 1910 ஏப்ரலில் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங் 9 பென்னிக்கு ஏறியது. அந்த விலை ஏற ஏறத்தான் இங்கே காடு எரிந்தது, கங்காணி கப்பல் ஏறிப் போய் நம் ஊர்களிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தான். விடியுமுன் பெரட்டு என்ற வருகைக் கணக்குக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தை வெட்டிப் பாலெடுத்தவர்களுக்கு 1920களின் கடைசியில் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகத்துக் கார்கள் ஓடின. ஓட்டியவர்கள் யாரும் கீழே குனிந்து, எதன்மேல் ஓடுகிறோம் என்று பார்க்கவில்லை.

ரப்பருக்குப் பிறகு செம்பனை. மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட முதல் தோட்டம், பெஸ்தாரி ஜெயாவாகப் பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்திலேயே 1917இல் உருவான தென்னமரம். பெயரே தமிழ். நட்டது பனை, பெயர் தென்னை, லாபம் ஐரோப்பாவுக்கு. நமக்குக் கிடைத்தது பெயர்.

இந்த வட்டாரத்தில்தான் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டங்கள். நிலம் பெர்ஜெயா குழுமத்தின் கைக்கு மாறியது. 245 தொழிலாளர் குடும்பங்களுக்கு வீடு என்ற வாக்குறுதி மட்டும் மாறாமல் அப்படியே இருந்தது. வாக்குறுதியாகவே. குழுமம் வீடுகளுக்கென 20 ஏக்கர் ஒதுக்கியது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நிலம் என்பது கூரை ஆகாது. ஓட்டை லயங்களில் குழந்தைகள் பெரியவர்களாகி, பெரியவர்கள் படமாகிச் சுவரில் தொங்கினார்கள். தேர்தலுக்குத் தேர்தல் ஒவ்வொரு கட்சியும் வந்து கண்கலங்கிவிட்டுப் போனது. இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுத்து, கடைசியில் 2023இல்தான் பிரதமர் அன்வார் இப்ராஹிம் வந்து அரசாங்கப் பணத்தில் அடிக்கல் நாட்டினார்.

இதற்கிடையில் 2013இல் அதே குழுமம், பிலிப்பைன்ஸில் உள்ள தன் துணை நிறுவனம் வழியாக, லண்டனில் ஒரு கடையை வாங்கியது. எச். ஆர். ஓவன். 1932 முதல் நடக்கிற வணிகம். லம்போர்கினி, ஃபெராரி, பெண்ட்லி, புகாட்டி விற்கிற இடம். நான் கற்பனை செய்து எழுதினால் "அங்கதம்தான், அதற்காக இப்படியா மிகைப்படுத்துவது?" என்று ஆசிரியர் வெட்டியிருப்பார். நடப்பு என்னைவிடக் கூசாமல் எழுதுகிறது. லயத்துக் கூரை ஒழுகிக்கொண்டிருக்க, லண்டனில் புகாட்டிக்குக் கண்ணாடி மாளிகை, குளிர்சாதனம், நாள் தவறாமல் துடைத்து மெருகேற்ற ஆள். சட்டப்படி இதில் தப்பு ஒன்றும் கிடையாது. சட்டம் எவ்வளவு சொகுசான வண்டி என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

குப்பைக்குக்கூட முன்னுரிமை கிடைத்தது. கோலாலம்பூரின் குப்பையைக் கொட்ட புக்கிட் தாகாரில் முறையான நிரப்பு நிலம் 2005இலேயே தயாராகிவிட்டது. நடத்தியது யார்? அதே குழுமம் கூட்டுச் சேர்ந்த நிறுவனம். தலைநகரத்து எச்சிற்சோற்றுக்கும் பிளாஸ்டிக் பைக்கும் நிலையான முகவரி வந்தாயிற்று. பால் வெட்டியவனின் முகவரி அப்போதும் 'பரிசீலனையில்'.

குழுமத்தின் நிறுவனர் வின்சென்ட் டானுக்குப் பிரிட்டனின் வேல்ஸில் ஒரு கால்பந்துக் குழுவும் உண்டு, கார்டிஃப் சிட்டி. 2012இல் அதன் நீலச் சட்டையைச் சிவப்பாக மாற்றினார். ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். 2015 ஜனவரியில் சட்டை மறுபடி நீலம். மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. வெல்ஷ்காரன் சட்டை நிறத்துக்காகக் கத்தினால் அது உலகச் செய்தி. பெஸ்தாரி ஜெயாவில் தமிழன் கூரைக்காகக் கத்தினால் அது தமிழ்ப் பத்திரிகையில் எட்டாம் பக்கம், கோயில் திருவிழா விளம்பரத்துக்குக் கீழே. வேகம் குதிரைச் சக்தியில் இல்லை. யார் கத்தினால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

துரையையும் முதலாளியையும் மட்டும் திட்டிவிட்டுப் போனால் நான் அயோக்கியன். அந்தப் பதினோரு வண்டியில் இரண்டின் கண்ணாடியில் முருகன் ஆடினார்.

போன திருவிழாவுக்கு இந்தப் பக்கத்துத் தோட்டக் கோயில் ஒன்றுக்கு ஒரு டத்தோ வந்தார். பெயர் வேண்டாம், உங்கள் ஊர் டத்தோவின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், பொருந்தும். அவர் வண்டி தரையை ஒட்டி இருப்பதால், பிள்ளைகள் அடிபடக் கூடாது என்று கோயில் பாதையில் போட்டிருந்த மேட்டில் இடிக்கும் என்றார்கள். ஒரே ராத்திரியில் மேட்டைச் செதுக்கிவிட்டார்கள். அடேயப்பா, நம்மிடமும் வேகம் இருக்கிறது! மாலை மரியாதை, மேளதாளம். வண்டி எண்ணைச் சொல்லி அர்ச்சனை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அந்த வண்டி நசுக்கியவற்றில் முன்கூட்டியே மந்திரம் ஓதப்பட்டது அந்தப் பழத்துக்கு மட்டும்தான்.

பிறகு மைக்கைப் பிடித்தார். "நானும் ஒங்கள மாதிரி லயத்துல பொறந்தவன்தான்" என்றார். கைதட்டல். "ஒழைச்சா முன்னேறலாம்" என்றார். மறுபடி கைதட்டல். நாற்பது வருடம் பால் வெட்டிய பாட்டிகள் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். உழைப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கியிருக்கும். பேச்சு முடியும்வரை வெளியே வண்டி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, திரும்பி வரும்போது இருக்கை குளிர்ச்சியாக இருக்க வேண்டுமாம். துரை வண்டியில் போனபோது நம் தாத்தனுக்குக் கோபம் வந்தது, வேலைநிறுத்தம் செய்தான். நம்மவன் போகிறபோது நமக்குப் பெருமை வருகிறது, படம் எடுத்துக்கொள்கிறோம். முதலாமவனை ஓட்டினோம். இரண்டாமவனை எப்படி ஓட்டுவது? அவன்தான் வண்டியையே ஓட்டுகிறானே.

நண்பகலில் அந்தக் கூட்டம் திரும்பி வந்தது. காலையில் வந்த இடி இப்போது இல்லை. முன்னால் ஒரு லாரி, செம்பனைக் குலை ஏற்றி முக்கி முனகி, மணிக்கு இருபதில் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் என்று பதினோரு வண்டிகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக. குலையிலிருந்து உதிர்ந்த பழம் ஒன்று அவெந்தடோர் முகப்பில் விழுந்து உருண்டது. லாரிக்கும் அவெந்தடோருக்கும் நடுவே, இஎக்ஸ்-5இல், அதே பெரியவர். இரண்டு வெள்ளி முன்னே, பதினேழாயிரம் வெள்ளி பின்னே. நான் பிறந்ததிலிருந்து இவ்வளவு நியாயமான ஊர்வலத்தைப் பார்த்ததில்லை.

ஆலைப் பாதை வந்தது. லாரி திரும்பியது. சாலை திறந்துகொண்டது. பெரியவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கைப்பிடி மெல்ல மண்பக்கம் சாய்ந்தது.

"தாத்தா! எறங்காதீங்க!" என்று கடையிலிருந்து கத்தினேன்.

பதினோரு எஞ்சின் ஒரே நேரத்தில் உறுமியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.