கணக்கு காட்டிய பம்ப்

ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, ஆஸ்துமாவில் ஆராய்ச்சி பண்ணுகிறேன் என்று வெளியில் சொல்லக் கூடாது. சொல்லித் தொலைத்தேன். மார்கழி வந்தால் ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம், நடுவில் தீவு முழுக்கப் பனி. விடியுமுன் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கோயிலுக்கு ஓடுகிற ஜனம். வீட்டுக்கு வீடு சாம்பிராணி. மாதக் கடைசியில் போகிப் புகை. இழுப்புக்காரர்கள் எல்லாம் என்னைத் தேடி வந்தார்கள். நான் டாக்டர் இல்லை, குடுவையில் செல் வளர்க்கிறவன் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? "இத்தனை வருஷமா படிக்கறயே, இதுகூடத் தெரியாதா?" தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். அதை மட்டும் சொன்னதில்லை.

நான் வேலை பார்த்தது திருச்சிப் பக்கம் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில். கேள்வி சின்னது. ஜலதோஷம் பிடித்தால் மற்றவர்களுக்கு மூக்கு ஒழுகி நின்றுவிடுகிறது. ஆஸ்துமாக்காரருக்கு மட்டும் அது ஏன் இழுப்பில் கொண்டுபோய் விடுகிறது? பெரும்பாலான ஜலதோஷத்துக்குக் காரணமான ரைனோவைரஸில் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் 2005-ல், ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய்ச் செல்கள் வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் பீட்டாவைக் குறைவாகச் சுரக்கின்றன என்று காட்டினார்கள். பிறகு வேறு சில ஆய்வகங்களில் அந்த முடிவு கிடைக்கவில்லை. எங்களுக்கோ, என் புண்ணியத்தில், எந்த முடிவுமே கிடைக்கவில்லை.

விஷயம் இதுதான். ரைனோவைரஸுக்கு உடம்பின் 37 டிகிரி ஒத்துவராது. மூக்குக்குள் இருக்கிற 33 டிகிரிதான் சுகம். எங்கள் இன்குபேட்டரோ சூடாக்கத் தெரிந்தது, குளிர வைக்கத் தெரியாதது. அறை குளிர்ந்திருந்தால்தான் அது 33-ல் நிற்கும். கத்திரி வெயிலில் திருச்சியில் அறை எங்கே குளிரும்? அதனால் ராத்திரியும் ஏசி ஓட வேண்டும். கடைசியாகக் கிளம்புகிற நான், அறையை விட்டு வெளியே வந்தால் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று அம்மாவிடம் அடி வாங்கி வளர்ந்தவன். கை தானாகப் போய் அணைத்துவிட்டது. காலையில் இன்குபேட்டர் 38 காட்டியது. "என்னப்பா ஆச்சு?" என்றார் கைடு. "சாம்பிள் சரியில்லை சார்" என்றேன். லேப் அசிஸ்டென்ட் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சுவிட்சுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'தொடாதே. உன்னைத்தான்.'

பக்கத்து வீட்டு மாமிக்கு இதெல்லாம் தெரியாது. அவருடைய சந்தேகம் வேறு. "அந்த செல்லெல்லாம் என்னடா சாப்பிடும்?" கருக்கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம் என்று சித்திரை வீதித் திண்ணையில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? ஹார்லிக்ஸ் மாதிரி ஒன்று என்று சொல்லிவைத்தேன்.

மாமிக்கு இரண்டு பம்ப். ஒன்று இழுப்பு வரும்போது எடுப்பது. இன்னொன்று வராமல் இருக்கத் தினமும் எடுப்பது. இரண்டாவதைத் தொடவே மாட்டார். "நன்னா இருக்கற அன்னிக்கு எதுக்குடா மருந்து?" மூச்சுக்குழாய்ச் சுவரில் அழற்சி, இயோசினோஃபில் என்று நீண்ட நேரம் பேசினேன். காபி ஆறுகிறது என்றார். சரி, செய்தே காட்டிவிடலாம் என்று அவருடைய பம்பை எடுத்துக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து அமுக்கினேன். அமுக்கிய பிறகுதான் இழுக்க வேண்டும் என்ற ஞாபகமே வந்தது. மருந்து முழுக்க வாய் வழியாகப் புகையாக வெளியேறியது. ஆறாவது படிக்கிற பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்க வேண்டும், மெதுவாக இழுத்துப் பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும் என்று வெறுங்கையால் நடித்தும் காட்டினான். இந்த பம்பே 13 வயதுச் சிறுமி கேட்ட கேள்வியில் பிறந்ததுதான். அமெரிக்க மருந்துக் கம்பெனித் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் மகள், ஆஸ்துமா மருந்தும் ஸ்ப்ரே மாதிரி வந்தால் என்ன என்று கேட்டாள். 1956-ல் பம்ப் கடைக்கு வந்துவிட்டது. எனவே பேரனிடம் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. மாமி போட்ட கூச்சல்தான் வருத்தம்: "எச்சில் பண்ணிட்டியேடா!" மலைக்கோட்டைப் பக்கம் போய்ப் புது பம்ப் வாங்கிக் கொடுத்தேன். மீதி எண்ணிக்கை காட்டுகிற வகை. 120-ல் ஆரம்பிக்கும்.

மாமி அதைத் தினமும் எடுக்கிறாரா என்று கணக்கு பார்க்கும் யோசனை சென்னை சேத்துப்பட்டிலிருந்து திருடியது. அதே 1956-ல் அங்கே காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரு வருஷம் மருந்து கொடுத்தார்கள். ஓய்வும் நல்ல சாப்பாடும் சானடோரியத்தில்தான்; ஆனாலும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், குடும்பத்துக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை என்று 1959-ல் வெளியிட்டார்கள். உலகமே சானடோரியங்களை மூட அதுவும் ஒரு காரணம். எனக்குப் பிடித்தது வேறு: அந்த ஆய்வை நடத்திய வாலஸ் ஃபாக்ஸின் குழு நோயாளியின் வாய்மொழியை நம்பவில்லை. சிறுநீரைச் சோதித்தார்கள், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள்.

நானும் போனேன். என்ன, போகுமுன் போன் பண்ணிவிட்டுப் போனேன். மாமி வீட்டுக்குச் சொல்லாமல் போக எனக்குத் தைரியமில்லை. கவுன்டர் கச்சிதமாக இறங்கியிருந்தது, ஒரு வேளை தவறவில்லை. அடுத்த தடவையும் அப்படியே. என் ஆராய்ச்சி வாழ்க்கையில் சரியாக வந்த ஒரே டேட்டா. கைடிடம்கூடப் பெருமையடித்தேன். அவர் 1992-ல் வந்த ஓர் அமெரிக்கக் கட்டுரையை எடுத்து நீட்டினார். பம்பில் நேரம் பதியும் கருவியை நோயாளிக்குத் தெரியாமல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிலர் கிளினிக்குக்கு வருவதற்குச் சற்று முன் நூறு தடவைக்கு மேல் அமுக்கித் தள்ளியிருந்தார்கள்.

மாமியிடம் கேட்டே விட்டேன். கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "ஆமாண்டா. நீ போன் பண்ணினதும் கொல்லைப்பக்கம் போய் அமுக்கிட்டு வந்துடுவேன். உன் கணக்கு தப்பாப் போயிட்டா உனக்கு டாக்டர் பட்டம் தரமாட்டாளேன்னு."