பனிக்கட்டி மாளிகை: முதலிரவு இலவசம்

ஸ்வீடனின் வடகோடியில் யுக்கஸ்யார்வி என்றொரு கிராமம். குளிர்காலம் வந்தால் அங்கே பனிக்கட்டியிலேயே ஒரு ஹோட்டல் எழுப்பி, பனிக்கட்டிக் கட்டிலில் ஆளைப் படுக்க வைத்து, அதற்கு வாடகையும் வாங்குகிறார்கள். டிசம்பர் லீவுக்கு எங்கே போகலாம் என்று கூடிப் பேசும் குடும்பங்களில் இப்போது இந்தப் பெயரும் அடிபடுகிறது. ரூம் போடுவதற்கு முன் இந்தத் தொழிலின் பூர்வ கதையைக் கேட்டுவிடுங்கள். பனிக்கட்டி லாட்ஜ் என்கிற யோசனை பிறந்ததே ஒரு மகாராணிக்குப் பொழுது போகாத காரணத்தால்தான்.

மகாராணி, ரஷ்யாவின் அன்னா இவானோவ்னா. மகா பீட்டரின் அண்ணன் மகள். பதினேழு வயதில் கூர்லாந்து என்ற சின்ன நாட்டின் பிரபுவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கல்யாண விருந்துகளில் குடித்த குடிக்கு, ஊர் போய்ச் சேர்வதற்கு முன்னால் வழியிலேயே போய்ச் சேர்ந்தார். அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம் கைச்செலவுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் விதவை வாழ்க்கை. 1730-ல் ரஷ்யச் சிம்மாசனம் காலியானபோது, பெரிய மனிதர்கள் சிலர் கூடி, இந்தம்மாவை உட்கார வைத்தால் நம் பேச்சைத் தட்ட மாட்டார் என்று கணக்குப் போட்டார்கள். நிபந்தனைகளை வரிசையாக எழுதி, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அழைத்து வந்தார்கள். மாஸ்கோவுக்கு வந்த சில நாட்களுக்குள் அம்மையார் அந்தக் காகிதத்தைப் பலர் பார்க்கக் கிழித்துப் போட்டார். நிபந்தனை என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

அரசாங்க வேலையைக் காதலர் பிரோனிடம் விட்டுவிட்டதால் அன்னாவுக்கு நேரம் நிறைய இருந்தது. அரண்மனை ஜன்னலோரங்களில் குண்டு நிரப்பிய துப்பாக்கிகள் தயாராக இருக்கும். மனது சரியில்லையென்றால் பறக்கிற பறவையைச் சுடுவார். மனது சரியாக இருந்தாலும் சுடுவார். தூக்கம் வராத இரவுகளுக்கு வாய் ஓயாமல் கதையளக்கும் பெண்கள். பகலுக்குக் கோமாளிகள். அந்தக் கோமாளிகளில் சிலர் பரம்பரை இளவரசர்கள் என்பதுதான் விசேஷம். மகாராணி பூசை முடித்து வரும் வழியில் அவர்கள் கூடைகளில் உட்கார்ந்து, அடைகாக்கும் கோழிகளாகக் கொக்கரிக்க வேண்டும். ஆளுக்கொரு கூடை, சீனியாரிட்டி எதுவும் கிடையாது.

அப்படிக் கொக்கரித்தவர்களில் ஒருவர் மிகயீல் கோலிட்சின். இவருடைய தாத்தா ஒரு காலத்தில் ரஷ்யாவையே நடத்தியவர். பேரன் வெளிநாடு போனார், இத்தாலியப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார், அவளுக்காகக் கத்தோலிக்கராகவும் மாறினார். விஷயம் அரண்மனைக்கு எட்டியதும் கல்யாணம் ரத்து, மதம் ரத்து, மரியாதையும் ரத்து. ரொட்டியைப் புளிக்க வைத்துச் செய்யும் க்வாஸ் என்ற பானத்தைக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுக்கும் உத்தியோகம் மட்டும் மிஞ்சியது. இந்த உத்தியோகம் பார்த்தபோது வயது ஐம்பதை ஒட்டியிருந்தது.

அரண்மனையில் இன்னொரு ஜீவன், கல்மிக் இனத்தைச் சேர்ந்த அவ்தோத்யா என்ற பணிப்பெண். மகாராணிக்குப் பிடித்த பன்றிக்கறிப் பதார்த்தத்தின் பெயரையே இவளுக்குக் குடும்பப் பெயராகச் சூட்டி, புஷெனினோவா ஆக்கியிருந்தார்கள். தனக்கும் ஒரு புருஷன் இருந்தால் தேவலை என்று இவள் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னதாகச் சொல்வார்கள். அரண்மனையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாத விஷயங்களில் அதுவும் ஒன்று. மகாராணி உடனே வரன் பார்த்துவிட்டார். வீட்டிலேயே ஒரு மாப்பிள்ளை கோழிக் கூடையில் உட்கார்ந்திருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும்?

அது 1739-40 குளிர்காலம். ஐரோப்பாவையே வாட்டி எடுத்த குளிர். லண்டனில் தேம்ஸ் நதி உறைந்து, அதன் மேல் கடை விரித்தார்கள். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே உறைந்து அழுகி, பஞ்சம் வந்தது. மகாராணியின் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கிலோ, கோலிட்சினுக்கும் அவ்தோத்யாவுக்கும் முதலிரவு நடத்தப் பனிக்கட்டியிலேயே ஒரு மாளிகை கட்டுவதென்று கல்யாணக் கமிட்டி கூடியது. துருக்கியோடு போர் ஓய்ந்த சந்தோஷம் வேறு. கஜானாவைத் திறக்க ஏதாவது காரணம் வேண்டியிருந்தது.

கமிட்டிக்குத் தலைவர் மந்திரி அர்த்தேமி வொலின்ஸ்கி. கட்டடப் பொறுப்பு, அந்த நகரத்தின் தெருக்களுக்கே திட்டம் போட்ட யெரோப்கின் கையில். மேற்பார்வைக்கு அறிவியல் அகாதெமியின் பௌதிகப் பேராசிரியர் கிராஃப்ட். மந்திரி, கட்டடக் கலைஞர், விஞ்ஞானி என்று இத்தனை பெரிய மூளைகள் சேர்ந்து ஒரே ஒரு ஜோடியின் ஒரே ஒரு இரவுக்குத் திட்டம் போட்டது சரித்திரத்தில் அபூர்வம்.

நேவா நதியில் தெளிவான பனிக்கட்டியாகப் பார்த்துப் பாளம் பாளமாக வெட்டினார்கள். அளவுகோலும் காம்பஸும் வைத்துச் செதுக்கினார்கள். ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி இடையில் தண்ணீரை ஊற்றினால் போதும், அதுவே சிமென்ட். ஊற்றிய கையோடு உறைந்து, ஒட்டுப் போட்டதே தெரியாது. 56 அடி நீளம், பதினேழரை அடி அகலம், 21 அடி உயரத்தில், முழு மாளிகையும் ஒரே நீலக்கல்லில் குடைந்தெடுத்த மாதிரி நின்றது. ஜன்னல் கண்ணாடியும் பனிக்கட்டிதான், மெல்லிசாக.

வாசலில் பனிக்கட்டியில் கடைந்த ஆறு பீரங்கிகள். பார்வைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கால் பவுண்டு வெடிமருந்தைத் திணித்து, குண்டு போட்டுச் சுட்டார்கள். அறுபது தப்படி தூரத்தில் வைத்த இரண்டு அங்குலப் பலகையைக் குண்டு துளைத்துக்கொண்டு போயிற்று. பீரங்கி உருகவும் இல்லை, உடையவும் இல்லை. பக்கத்தில் பனிக்கட்டி டால்பின்கள். ராத்திரியானால் அவற்றின் வாயிலிருந்து நாப்தா எண்ணெய் தீயாகப் பீறிடும். பனிக்கட்டி மரங்களில் பனிக்கட்டி ஆரஞ்சுப் பழம், கிளையில் பனிக்கட்டிப் பறவை.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு முழு அளவு பனிக்கட்டி யானை. பகலில் துதிக்கையால் 24 அடி உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சும், இரவில் நெருப்பு. யானை பிளிறாவிட்டால் குறை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஆளை அதன் வயிற்றுக்குள் உட்கார வைத்துக் குழல் ஊதச் சொன்னார்கள். அந்தப் புண்ணியவானின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. யானையின் அளவுகளை கிராஃப்ட் எழுதி வைத்தார்.

உள்ளே போனால் மேஜை, அதன் மேல் கடிகாரம், சீட்டுக்கட்டு. மேஜையும் கடிகாரமும் பனிக்கட்டி. சீட்டு நிஜம், ஆனால் மேஜையோடு உறைய வைத்தது. யாரும் திருட முடியாது, ஆடவும் முடியாது. கணப்படுப்பில் பனிக்கட்டி விறகு. நாப்தா தடவிப் பற்ற வைத்தால் தீ எரியும், விறகு தீராது, அறை சூடாகாது. படுக்கையறையில் கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, காலுக்குச் செருப்பு, தலைக்கு இரண்டு குல்லாய், எல்லாம் பனிக்கட்டி. தூங்கும்போது காது குளிருமே என்று குல்லாய் வரைக்கும் யோசித்த கமிட்டிக்கு, அதைக் கம்பளியில் தைக்கலாம் என்று தோன்றவில்லை. வெளியே ஒரு பனிக்கட்டிக் குளியலறையும் கட்டி, அதில் வெந்நீர் ஆவி பிடித்தும் காட்டினார்கள். இத்தனையும் கிராஃப்ட் 1741-ல் தனிப் புத்தகமாகவே போட்டிருக்கிறார். படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். யானை முதல் ஆரஞ்சு வரை எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. ராத்தங்கப் போகிற இரண்டு பேருக்குக் கணக்கு இல்லை.

கல்யாணமென்றால் வாழ்த்துப்பா வேண்டுமே! கவிஞர் திரெதியகோவ்ஸ்கியை அழைத்து வர ஆளனுப்பினார்கள். கல்யாணக் கமிட்டி கூடிய இடம் யானைக் கொட்டடி. மந்திரி சபைக்கு என்று பொய் சொல்லி இங்கே இழுத்து வந்தானே என்று கவிஞர் கோபித்துக்கொண்டார். பதிலுக்கு வொலின்ஸ்கி கன்னத்தில் அறைந்தார். மறுநாள் கவிஞர் பிரோனிடம் முறையிடப் போய் வரவேற்பறையில் காத்திருந்தார். அங்கேயும் வந்து நின்றார் வொலின்ஸ்கி. அங்கேயும் அடி, பிறகு காவல், பிரம்படி. முதுகு வீங்கிய நிலையில் கவிஞர் பாட்டு எழுதி, கல்யாணத்தன்று முகமூடி மாட்டிக்கொண்டு படித்தார். வாழ்த்துப்பா மணமக்களை வைவதில் ஆரம்பித்தது. அவர் நிலைமையில் வேறு சுருதி வராது.

1740 பிப்ரவரி 6, அந்நாளைய ரஷ்யக் காலண்டர்படி. மாப்பிள்ளை ஊர்வலத்தில் நிஜ யானை. அதன் முதுகில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் மணமக்கள். பின்னால் சாம்ராஜ்யத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் கவர்னர்கள் பிடித்து அனுப்பிய ஜோடிகள், அவரவர் இன உடையில். ரெயின்டீர், நாய், ஒட்டகம், ஆடு, பன்றி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் சறுக்கு வண்டி இழுத்தன. பிரோனின் குதிரைப் பயிற்சிக் கொட்டகையில் விருந்து. ஒவ்வொரு ஜோடிக்கும் அவரவர் ஊர்ச் சாப்பாடு, அவரவர் ஊர் ஆட்டம். பிறகு சாந்தி முகூர்த்தம். ஜோடியை மாளிகைக்குள் விட்டு, விடியும் வரை வெளியே வராதபடி வாசலில் சிப்பாய்களை நிறுத்தினார்கள். மகாராணி கணப்பு எரியும் தன் அறைக்குத் தூங்கப் போனார்.

அவ்தோத்யா தன் முத்துமாலையைக் கழற்றி ஒரு காவலாளியிடம் கொடுத்து, அவன் போட்டிருந்த ஆட்டுத்தோல் கோட்டை வாங்கினாள், அதில்தான் இருவரும் பிழைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, அந்த மாளிகை முழுவதிலும் உருப்படியான ஒரே திட்டம் அந்தக் கோட்டுதான். கமிட்டி மாதக்கணக்கில் உட்கார்ந்தும் எட்டாத முடிவுக்குப் பணிப்பெண் ஒரே ராத்திரியில் வந்துவிட்டாள்.

இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். கமிட்டிக்குத்தான் அந்த வருஷம் சரியில்லை. மார்ச் கடைசியில் மாளிகை உருகிச் சரிந்தது. பெரிய பாளங்களை அரண்மனையின் பனிக்கட்டிக் கிடங்குக்கு எடுத்துப் போனார்கள். ஜூனில் வொலின்ஸ்கிக்கும் யெரோப்கினுக்கும் ஒரே நாளில் தலை போயிற்று. தேசத்துரோகப் பட்டியலில், பிரோன் வீட்டு வரவேற்பறையில் கவிஞரை அடித்ததும் ஒரு குற்றமாக இருந்தது. அடி வாங்கிய கவிஞருக்காக அல்ல, வீட்டுக்காரரின் கௌரவத்துக்காக. அக்டோபரில் மகாராணி காலமானார். பிரோன் மூன்று வாரம் ராஜப்பிரதிநிதியாக இருந்து பார்த்தார். நவம்பரில் படுக்கையிலிருந்தே தூக்கிக் கைது செய்தார்கள். மரண தண்டனையைக் குறைத்துச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே பனிக்கட்டிக்கு யாரும் டிசைன் போட வேண்டியதில்லை. கோலிட்சின் அடுத்து வந்த ஆட்சியில் கூடையை விட்டு இறங்கி வீடு போனார். அவ்தோத்யா அவருக்குப் பிள்ளையும் பெற்று, 1742-ல் இறந்தாள். அவர் இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டு நெடுங்காலம் வாழ்ந்தார்.

யுக்கஸ்யார்வியில் விஷயம் வேறு விதமாக ஆரம்பித்தது. 1990 வாக்கில் பனிக்கலைக் கண்காட்சி பார்க்க வந்த சிலர், கண்காட்சிக் கூடத்திலேயே ரெயின்டீர் தோலை விரித்துப் படுத்துத் தூங்கினார்கள். யாரும் துப்பாக்கி காட்டவில்லை. இப்போது டோர்னே நதியிலிருந்து மார்ச்சில் பாளம் வெட்டிப் பத்திரப்படுத்தி, அடுத்த குளிர்காலத்துக்கு ஹோட்டல் கட்டுகிறார்கள். வெளியே மைனஸ் முப்பது இருந்தாலும் அறைக்குள் மைனஸ் 5 முதல் 8 வரைதான். கட்டிலில் மெத்தை, தோல், தடித்த ஸ்லீப்பிங் பேக். காலையில் சூடான பழரசம் கொண்டு வந்து எழுப்புவார்கள். கழிவறை மட்டும் பக்கத்துச் சூடான கட்டடத்தில். படுக்கைக்கு முன் தண்ணீர் குடிப்பதை யோசித்துச் செய்யுங்கள். தீ எச்சரிக்கை மணி வேறு வைக்க வேண்டும் என்று அரசாங்க விதி. பனிக்கட்டி விறகு எரிந்த சரித்திரம் அறிந்தவர்கள் இதற்குச் சிரிக்க மாட்டார்கள்.

அங்கே பல அறைகளுக்குக் கதவு கிடையாது, திரைதான். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிர் தாங்கவில்லையென்றால் ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டிக்கொண்டு சூடான கட்டடத்துக்கு ஓடிவிடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், கவிதையும் படிக்க மாட்டார்கள். ஆகவே தாராளமாக ரூம் போடுங்கள். கோட்டை மட்டும் நீங்களே கொண்டு போங்கள், கமிட்டியை நம்பாதீர்கள்.