ஆப்பிளுக்கு முன்பே காய்த்த மரம்

கேள்வி: பாட்காஸ்ட்டைக் கண்டுபிடித்தது ஆப்பிள் நிறுவனம்தானே?

பதில்: இல்லை. ஆப்பிள் வந்தது பந்தியின் நடுவில். அடுப்பு மூட்டியவர்கள் வேறு.

அமெரிக்க நிரலாளர் டேவ் வைனர் 2001 வாக்கிலேயே, இணையதளத்தின் புதுப் பதிவுகளைச் சந்தாதாரருக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் ஆர்எஸ்எஸ் ஓடையில் ஒலிக்கோப்பை இணைத்து அனுப்பும் வசதியைச் செய்துவிட்டார். அவரைத் தூண்டியவர் எம்டிவி தொகுப்பாளராக இருந்த ஆடம் கர்ரி. அன்றைய மந்தமான இணையத்தில் பாட்டு ஒன்று இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். ஆள் தூங்கும்போதே கோப்பு இறங்கி, காலையில் தயாராகக் காத்திருக்கட்டுமே என்பது கர்ரியின் யோசனை. எளிய யோசனைதான், ஆனால் அபாரமானது!

2003இல் பாஸ்டன் வானொலியாளர் கிறிஸ்டோபர் லைடன் தம் நேர்காணல்களை இந்த ஓடை வழியே வெளியிட்டார். 2004 ஆகஸ்டில் கர்ரி ‘டெய்லி சோர்ஸ் கோட்’ நிகழ்ச்சியைத் தொடங்கினார். கோப்புகளைத் தானே இறக்கி ஆப்பிளின் ஐபாட் இசைக்கருவியில் ஏற்றும் சிறுநிரல் ஒன்றையும் எழுதி, எல்லோருக்கும் திறந்து வைத்தார். அவர் எழுதியது அரைகுறை. முகம் தெரியாத நிரலாளர்கள் கூடிச் செப்பனிட்டார்கள். கேட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. தங்கள் குரலைப் பதிந்து அனுப்பினார்கள், பிறகு தாங்களே நிகழ்ச்சி தொடங்கினார்கள். விஸ்கான்சின் மாநிலப் பண்ணைவீட்டில் ஒரு தம்பதி பேசிய அரட்டைக்கு உலகெங்கும் காது கிடைத்தது. வானொலி உரிமமோ ஒலிபரப்புக் கோபுரமோ அவர்களிடம் இல்லை.

ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்ட்டுக்கு இடம் கிடைத்தது 2005 ஜூனில்தான். இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள்! அந்தக் கூட்டத்தைச் சேர்த்த பெருமை ஆப்பிளுக்கு. கண்டுபிடித்த பெருமை வைனருக்கும் கர்ரிக்கும், கைகொடுத்த நிரலாளர்களுக்கும்.