அண்டங்காக்காவுக்கு வேகம் பாத்த கதை

ஏலே பேராண்டி, அண்டங்காக்கா மணிக்கு எத்தனை மைல் பறக்கும்? தெரியாதா? அப்ப நீ ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடர் பாத்தவன்னு வெளியில சொல்லிராத. வெக்கக்கேடு.

2017ல அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் படிச்ச பயலுவ எல்லாம் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கிட்டு கெடந்தானுவ. ஏழாவது சீசன்ல ஒரு காட்சி. பனிச்சுவருக்கு அந்தாண்ட ஒரு கூட்டம் பொணங்களுக்கு நடுவுல மாட்டிக்கிடுது. ஒருத்தன் சுவர் வரைக்கும் ஓடுதான். அங்கன இருந்து காக்கா சீட்டைத் தூக்கிக்கிட்டு தெக்காம பறக்குது. சீட்டைப் படிச்ச ராணி டெனேரிஸ் டிராகன்ல ஏறி வந்து காப்பாத்துதா. ‘இம்புட்டு சீக்கிரம் நடக்குமா? நம்புற மாதிரியா இருக்கு?’ன்னு ஒரே கூப்பாடு. தூரத்தை அளந்தான். நேரத்தைப் பிரிச்சான். காக்காவோட வேகத்தைத் தேடினான்.

ஏன்டே, மூணு டிராகன் வானத்துல நெருப்புக் கக்குது. அதை நம்பிட்ட. செத்தவன் எந்திரிச்சு ஆயுதத்தைத் தூக்கிக்கிட்டு வாரான். அதையும் நம்பிட்ட. குத்துப்பட்டுச் செத்த ஜான் ஸ்னோவை ஒரு செவப்பு அங்கிக்காரி மந்திரம் சொல்லி எழுப்பினா, கைதட்டுன. காக்கா கொஞ்சம் வெரசாப் பறந்ததுதான் தொண்டையில நிக்குதோ? அந்த எபிசோடை எடுத்த ஆலன் டெய்லரே நேரக்கணக்கைக் கொஞ்சம் மங்கலாத்தான் வச்சோம்னு ஒத்துக்கிட்டாரு. மனுசன் வேற என்னத்தைச் சொல்லுவாரு, பாவம்?

அடுத்தது காபி. 2019ல கடைசி சீசன். நாலாவது எபிசோட்ல பெரிய விருந்து. கொம்புக் கோப்பை, வெள்ளிக் கூஜான்னு எல்லாம் அந்தக் காலத்துச் சாமான். ராணிக்கு முன்னால மட்டும் மூடி போட்ட காகிதக் கப்பு! எடுத்து வைக்க மறந்துட்டானுவ. உலகமே ரெண்டுபட்டுப் போச்சு. தயாரிச்ச ஹெச்பிஓக்காரன் வெவரமானவன். ‘காபி வந்தது தப்புதான், ராணியம்மா கேட்டது மூலிகை டீ’ன்னு ஒரு நக்கலை எடுத்து விட்டான். பொறவு கம்ப்யூட்டர்ல கப்பை அழிச்சுட்டான். கடைசி எபிசோட்ல பாத்தா நாற்காலிக் காலடியில பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் நிக்கி! குளிர்ல ராத்திரி பகலா நிக்கவன் ஒரு வாய் காபி, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சது அம்புட்டுப் பெரிய குத்தமா?

அந்தக் காபி எபிசோடுக்கு முந்தினதுல பொணங்களோட பெரிய சண்டை. வடஅயர்லாந்துல 55 ராத்திரி முழிச்சிருந்து படம் புடிச்சானுவ. வந்து பாத்தா ஒரே இருட்டு. எவன் எவனை வெட்டுதான்னு ஒருத்தனுக்கும் தெரியல. கேட்டா, ‘ரூம் லைட்டை அணைச்சுட்டுப் பாரு, டிவியைச் சரி பண்ணு’ன்னு ஒளிப்பதிவாளர் நமக்குப் புத்தி சொல்லுதாரு. ஏன்யா, பகல்லயே எடுத்துப்போட்டு, நாங்க டிவியை அணைச்சுட்டுப் பாத்தா ஆகாதா? 55 ராத்திரித் தூக்கம் மிச்சமாயிருக்கும்லா?

இதுல ‘முடிவைச் சொல்லிராதீங்க தாத்தா’ன்னு காதைப் பொத்திக்கிடுத பாரு, அதுதான்டே எனக்குப் பிடிபடாத சங்கதி. நம்ம ஊர்க் கொடையில வருசா வருசம் அதே வில்லுப்பாட்டு, அதே கதை. யாரு சாவான், யாரு சாமியா வருவான்னு கைப்பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் கெழவிமாரு விடிய விடிய உக்காந்து மூக்கைச் சிந்தலையா? ஆனா ஒண்ணு. 2013ல வந்த அந்தக் கல்யாண வீட்டுக் கொலை இருக்கே, விருந்துக்கு வந்த ராப் ஸ்டார்க்கை ஆத்தாளோட சேத்து முடிச்சுக் கட்டுனது. அது 2000ஆம் வருசமே மூலப் புஸ்தகத்துல வந்தாச்சு. படிச்ச பயலுவ கமுக்கமா இருந்துக்கிட்டு, சேக்காளியை டிவி முன்னால உக்கார வச்சு, அவன் கதறுததைப் போன்ல படம் புடிச்சு ஊருக்கே காட்டினானுவ. குசும்புன்னா இதுதான் குசும்பு. அவனுவளுக்கு என் செலவுல ஒரு கருப்பட்டிக் காபி.

எனக்கு வருத்தமெல்லாம் மரத்துக்குத்தான். வடஅயர்லாந்துல ஆன்ட்ரிம் சீமையில ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் பீச் மரம் வளைஞ்சு பந்தல் போட்டு நிக்கும். 18ஆம் நூற்றாண்டுல ஸ்டூவர்ட் குடும்பத்துக்காரவ வீட்டுக்குப் போற வழிக்கு அழகா இருக்கட்டும்னு நட்டது. ரெண்டாவது சீசன்ல ராஜபாட்டைன்னு சொல்லி கொஞ்ச நேரம் காட்டினானுவ. ஒரு கொட்டாவி விட்டு முடிக்கதுக்குள்ள காட்சி போயிரும். அதுக்கே உலகம் பூரா இருந்து பஸ்ஸும் காரும் கெளம்பிட்டு. அதுவ ஆயுசு தாண்டி நிக்க மரம். வேர்மேல வண்டியை ஏத்தி நிப்பாட்டினா மண்ணு இறுகாதா? வேருக்குத் தண்ணி எப்படி இறங்கும்? 2017ல வண்டி வரக் கூடாதுன்னு தடை போட்டாவ. மரம் மேல உயிரையே வச்சிருக்கோம்னு சொல்லுதவன்தான் வேரை மிதிக்கான்.

அங்கயும் ஒரு கெட்டிக்காரன் இருந்திருக்கான் பாரு. 2016 புயல்ல சாஞ்ச மரத்தை விறகாக்கல. கதையைச் செதுக்கிப் பத்துக் கதவு செஞ்சு பத்து மதுக்கடையில மாட்டிட்டான். ஒவ்வொரு கதவையும் பாத்துட்டு சின்னப் புத்தகத்துல முத்திரை வாங்கிக்கிடணும். கதவைப் பாக்கப் போனவன் தொண்டையை நனைக்காமலா திரும்புவான்? யாவாரம்னா இதுலா யாவாரம்!

பேரு வச்ச கூத்தைக் கேளு. டெனேரிஸைக் கலீஸின்னும் கூப்பிடுவாவல்லா? அமெரிக்காவுல 2018ல மட்டும் 500க்கு மேல பொம்பளப் பிள்ளைவளுக்கு அந்தப் பேரு. அடிமைச் சங்கிலியை அறுத்த மகராசின்னு வச்சாவ. மறு வருசம் மே மாசம், கடைசிக்கு முந்தின எபிசோட்ல, சரணடைஞ்ச ஊரை மகராசி டிராகனை விட்டு எரிச்சுப்பிட்டா. தொட்டில்ல கெடக்க பிள்ளைக்கு என்னலே தெரியும்? கதை முடியட்டும், பொறவு பேரு வைப்போம்னு பொறுக்க முடியலியே.

அந்த முடிவு பிடிக்கலைன்னு, கடைசி சீசனையே திருப்பி எடுங்க, எழுதத் தெரிஞ்ச ஆளை வச்சு எடுங்கன்னு 15 லட்சத்துக்கு மேல கையெழுத்து விழுந்துச்சு. சாப்பிட்டு ஏப்பம் விட்டவன் இலையைத் தூக்கிக் காட்டி மறுபடி சமைக்கச் சொல்லுதான். ஒருத்தனும் திருப்பி எடுக்கல. 2022ல டெனேரிஸ் வம்சத்து முன்கதையை ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’னு கொண்டாந்தானுவ. யாரு சாவா, எப்படிச் சாவான்னு 2018லயே புஸ்தகம் வந்தாச்சு. வையுத வாயோட அதே பயலுவ வந்து முன் வரிசையில உக்காந்துட்டானுவ.

இந்தக் கதையைப் புஸ்தகமா எழுதுன ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் இருக்காரே, அவரு என் சோட்டு ஆளுடே. 1948ல பொறந்தவரு. இந்தக் கதையில முதல் புஸ்தகம் 1996ல வந்துச்சு, அஞ்சாவது 2011ல வந்துச்சு. ஆறாவதுக்குத்தான் உலகமே வாசல்ல நிக்கி. நிக்கது சரி. ‘எழுதி முடிக்கதுக்குள்ள பெரியவரு போய்ச் சேந்துட்டா என்ன செய்ய?’ன்னு பேட்டி எடுக்கவனே மூஞ்சிக்கு நேரா கேக்கான். வயசான மனுசன்ட்ட கேக்க கேள்வியாடே இது? 2014ல ஒரு பேட்டியில அவருக்கு ஆத்தாமப் போச்சு. அப்படிக் கேக்கவனுக்கெல்லாம் இந்தான்னு நடுவிரலைத் தூக்கிக் காட்டிட்டாரு.

நல்ல மனுசன், விரலோட விட்டாரு. நானா இருந்தா ஊணுகம்பைத் தூக்கியிருப்பேன்.