பதிவு, வருகை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெயர்ப்பலகையைச் சுரண்டினால் ஒரு மாவட்டத்தின் வரலாறே உதிரும். இப்போது மேலே தெரிவது தூத்துக்குடி மாவட்டம். அதற்கடியில் சிதம்பரனார் மாவட்டம், 1986இல் பிரித்தபோது எழுதியது. அதற்கும் அடியில் திருநெல்வேலி. எல்லாவற்றுக்கும் அடியில் ஜில்லா போர்டு ஆரம்பப் பாடசாலை. 1960களின் தொடக்கத்தில் பஞ்சாயத்து யூனியன்கள் வந்து, பள்ளிக்கூடங்கள் அவற்றின் பொறுப்புக்குப் போனபோது 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி' ஆனது. ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னமும் அது போர்டு ஸ்கூல்தான். இளவட்டங்களுக்குச் சத்துணவு ஸ்கூல். நடுவில் படித்த எங்களுக்கு வெறும் பள்ளிக்கூடம். சுற்றுவட்டாரத்தில் வேறு ஒன்று இருந்தால்தானே அடைமொழி வேண்டும்.

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடு அது. பள்ளிக்கூடம் என்றால் ஒரு நீளக் கட்டடம், நாட்டு ஓடு, வாசலில் ஒரு வேம்பு, வேம்பில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. மழைத் தண்ணிக்கே அல்லாடுகிற ஊருக்கு ரயில் தண்டவாளம் எப்படி வந்ததென்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. பெரிய வாத்தியார், சின்ன வாத்தியார் என்று இரண்டு பேர். வயதில் சின்ன வாத்தியார்தான் மூத்தவர், சம்பளத்தில் இளையவர்.

காலையில் மணி அடித்ததும் நடக்கிற முதல் காரியம் பாடம் அல்ல. கரும்பலகையின் வலது மூலையில் கட்டம் போட்டு 'பதிவு', 'வருகை' என்று இரண்டு வரி எழுதுவார்கள். பதிவு நூற்றுச் சொச்சம் என்றால் வருகை அறுபதோ எழுபதோ. சாயங்காலம் பலகையை அழிக்கும்போதுகூட அந்த மூலையை மட்டும் தொடக்கூடாது. திருக்குறளை அழிக்கலாம், வாய்ப்பாட்டை அழிக்கலாம், அந்த இரண்டு எண்ணை மட்டும் அழித்தால் முதுகு பழுத்துவிடும். எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம், தான் மட்டும் எண்ணை நம்பியே பிழைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

எண் விளையாட்டு சேர்க்கும்போதே தொடங்கிவிடும். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது. எட்டாவிட்டால் பெரிய வாத்தியாரே தலையை லேசாகச் சாய்த்துக் காதை விரலுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார். "பொறந்த தேதி?" என்று கேட்டால் அம்மா, "கம்மாய் ஒடஞ்ச வருசம், ஐப்பசி அடைமழைங்கய்யா" என்பாள். அவர் மனக்கணக்காகக் கழித்து ஜூன் மாதம் ஏதோ ஒரு தேதியை எழுதிவிடுவார். எங்கள் செட்டில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள். கரிசல் காட்டுப் பெண்கள் ஜூன் மாதத்தில் மட்டுமே பிரசவித்தார்கள் என்று எதிர்காலத்தில் யாராவது ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவிடக் கூடும். இப்போது ஜூன் முதல் தேதியானால் எங்கள் பழைய மாணவர் வாட்சப் குழுவில் கேக் படங்களாக வந்து விழுகின்றன. நன்றி சொல்ல வேண்டியது பெரிய வாத்தியாருக்கு.

தடுப்புச் சுவர் இல்லாத ஒரே கட்டடத்தில் ஐந்து வகுப்பு. கதவோரம் ஒன்றாம் வகுப்பு, மேற்கு மூலையில் ஐந்தாம் வகுப்பு. அங்கே பதினாறாம் வாய்ப்பாடு ஓடும்போது இங்கே ஆனா ஆவன்னா எழுதுகிறவன் காதிலும் அது விழும். வாத்தியார்கள் ஆளுக்கு ஒரு வகுப்பைப் பார்க்கும்போது மற்ற மூன்றையும் சட்டாம்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பான், தெரியாவிட்டால் கொட்டுவான். சிலேட்டை அழிக்கக் கோவை இலை. கரும்பலகைக்கு மாதம் ஒரு முறை கறுப்பு ஏற்றுவது ஐந்தாம் வகுப்பின் வேலை: ஊமத்தை இலையும் அடுப்புக் கரியும் சேர்த்து அம்மியில் அரைத்து, பழைய துணியில் தொட்டு, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் காய்ந்ததும் திட்டுத் திட்டாகத் தெரியும். அரைத்த கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது என்பது அங்கே படித்த முதல் விஞ்ஞானப் பாடம்.

இதையெல்லாம் வறுமை என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தோம். 2007இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது அதற்குப் பெயர் கல்வி முறை என்று தெரிந்தது. ஒன்று முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து உட்கார வைத்தார்கள். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். டீச்சர் நாற்காலியை ஓரம் கட்டிவிட்டுப் பாயில் உட்கார வேண்டும். அட்டைகள், ஏணிப்படிகள், சுவரைச் சுற்றிப் பிள்ளை உயரத்துக்குக் கரும்பலகை, தலைக்கு மேல் படம் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியிலிருந்து வந்த முறை என்றார்கள். அது உண்மைதான். ஆனால் அதற்கும் இருநூறு ஆண்டு முன்னால், 1790களில், சென்னை எழும்பூரில் அனாதை விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டை 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். எங்கள் சட்டாம்பிள்ளைக்கு இந்தப் பெருமையெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் ஓங்கிக் கொட்டியிருப்பான்.

பதிவுக்கும் வருகைக்கும் நடுவே விழுந்த பள்ளத்துக்குக் காரணம் பருத்தி. தை, மாசியில் பருத்தி வெடித்துவிட்டால் வகுப்பில் பாதி காலி. அதை அடுத்து மிளகாய்ப் பழம். சுள்ளென்று வெயில் ஏறுமுன் எடுத்தால்தான் எடை, அதற்குச் சின்னக் கைகள்தான் தோது. 1953இல் ராஜாஜி, பள்ளிக்கூடம் அரை நாள் போதும், மீதி நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடே கொந்தளித்தது; அடுத்த ஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் அதைத் தூக்கிப் போட்டார்கள். தூக்கிப் போட்டது நியாயம். ஆனால் எங்கள் ஊர்ப் பருத்திக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை. பெரிய வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புஞ்சைக்கே போவார். "ஏ நாச்சியா, அந்தப் பயலை அனுப்பு." "இந்தா, இந்தப் பாத்தி முடியவும் அனுப்புறேன் சாமி." பாத்தி முடியப் பொழுது சாய்ந்துவிடும்.

டெபுடி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் மட்டும் பள்ளம் நிரம்பிவிடும். வருகிற நாள் ரகசியம். ஆனால் அவர் ஏறுகிற பஸ் ரகசியமல்ல. கண்டக்டர் மூலம் செய்தி முன்னால் வந்துவிடும். ஐந்தாம் வகுப்புப் பையன்கள் திசைக்கு இருவராகப் பறப்பார்கள். ஆடு மேய்க்கிறவன், தம்பியை இடுப்பில் வைத்திருக்கிறவள், போன வருஷமே ஐந்தாம் வகுப்பு முடித்துப் போனவன் எல்லோரும் உள்ளே. பட்டியலில் இருந்து வராதவர்களின் பெயருக்கு, பட்டியலில் இல்லாமல் வந்தவர்கள் "உள்ளேன் ஐயா" சொல்வார்கள். ஒரு முறை, கல்யாணமாகிச் சாத்தூர்ப் பக்கம் போய்விட்ட அக்காவின் பெயருக்குத் தங்கச்சி கை தூக்கினாள். இன்ஸ்பெக்டர் அவளைக் கேள்வி கேட்டார். சரியாகப் பதில் சொன்னாள். அக்காவின் பெயரில் ரிப்போர்ட்டில் ஒரு பாராட்டு ஏறியது. அதிகாரி மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போனதும், ஆடுகளைத் தேடுகிற படலம் தொடங்கும்.

உண்மையான வருகைக்குக் காரணம் சோறு. 1956இல் மதிய உணவை எட்டயபுரத்தில் வைத்துத்தான் காமராசர் தொடங்கினார் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள், தாங்களே பந்தி பரிமாறியதுபோலச் சொல்வார்கள். எங்கள் காலத்தில் கேர் என்ற தொண்டு நிறுவனம் அனுப்பிய கோதுமை ரவையும் மக்காச்சோள மாவும் பால் பவுடரும் வந்தன. மத்தியானம் உப்புமா. கைகுலுக்கும் படம் போட்ட எண்ணெய் டின் காலியானதும், அதை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்பதில் ஊர்ப் பஞ்சாயத்தே கூடும். மூன்றாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடம் தொடங்குமுன்னே நாங்கள் எழுத்துக்கூட்டிப் பார்த்த இங்கிலீஷ், அந்த டின்னில் இருந்ததுதான். சாப்பாட்டு வருகை எப்போதும் பாட வருகையைவிடக் கூடுதல்: பள்ளியில் சேராத தம்பி தங்கைகள் தட்டோடு வரிசையின் கடைசியில் நிற்பார்கள். பெரிய வாத்தியார் அந்த நேரத்துக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார்.

வரிசை என்றதும் இன்னொன்று. கீழத்தெருப் பிள்ளைகளுக்கு வரிசை தனி. பானைத் தண்ணீரை அவர்களே மொள்ளக் கூடாது, இன்னொருவர் மேலே இருந்து ஊற்ற, உள்ளங்கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். இப்போது வரிசையாகக் குழாய்கள் இருக்கின்றன, குழாய்க்கு ஜாதி தெரியாது. அப்படியும், பள்ளிகளில் இப்போது தருகிற காலை உணவைச் சமைக்கிறவர் இன்னார் என்பதற்காகப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோரைப் பற்றிப் பேப்பரில் வரத்தான் செய்கிறது. எல்லாமே மாறிவிட்டது என்று விழா மேடைகளில் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை போலும்.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, அதோடு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஊருக்குள் மூன்று பெண்களுக்கு அரசு வேலை. 1987இல் கரும்பலகைத் திட்டம். இன்னொரு அறையும், ஒரு பீரோவும், பீரோவுக்குள் பூகோள உருண்டையும் வந்தன. உருண்டை உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்று பீரோ பூட்டியே இருந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரம்பைக் கைவிட வைத்தது. "கண்ணை விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க வாத்தியாரையா" என்று அனுமதி கொடுத்த அப்பன்மார்களின் பேரப்பிள்ளையை இன்றைக்கு ஏறிட்டுப் பார்த்தாலே போன் வருகிறது. நல்லதுதான், என் கால் முட்டிக்குக் கேட்டால் சட்டம் நாற்பது வருஷம் தாமதம் என்று சொல்லும். இலவசப் புத்தகம், நோட்டு, நான்கு செட் சீருடை, செருப்பு, பை, கலர் பென்சில், ஆங்கில வழிப் பிரிவு, இப்போது சுவரில் திரை, டீச்சர் கையில் கைக்கணினி.

எல்லாம் வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் போய்விட்டார்கள்.

இதற்குப் பள்ளிக்கூடத்துச் சுவரே ஒரு சாட்சி. அந்தக் காலத்தில் ரோட்டைப் பார்த்த சுவரில் சிவப்பு முக்கோணம் போட்டு, 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று எழுதியிருந்தார்கள். மற்ற பாடங்களை ஊர் எப்படிப் படித்ததோ, இந்தச் சுவர்ப் பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டது. மழை பொய்த்த வருஷங்களில் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் போன குடும்பங்கள் திரும்பவில்லை. மிச்சமிருக்கிற பிள்ளைகளுக்கு விடிந்ததும் மஞ்சள் வேன் வருகிறது. பள்ளிக்கூடத்து வாசலில்தான் வேன் திரும்ப இடமிருக்கிறது. டை கட்டிய பிள்ளைகள் அங்கே ஏறி, டவுனில் இருக்கிற பள்ளிக்குக் குலுங்கிக் குலுங்கிப் போகிறார்கள்.

போன முறை ஊருக்குப் போனபோது காலை எட்டரைக்கு உள்ளே எட்டிப் பார்த்தேன். தலைமையாசிரியை கோவில்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கியிருந்தார். முதலமைச்சரின் காலை உணவு நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை, உப்புமா. மதுரையில் 2022இல் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்த திட்டம். எத்தனை ஆட்சி மாறியும் உப்புமாவுக்குத் தோல்வி இல்லை. பழைய மூலையில், பழைய கட்டம்: பதிவு 11, வருகை 10. ஒரு பிள்ளை குலதெய்வம் கும்பிடப் போயிருந்தது.

பலகையில் எழுதினால் போதாது, அதைக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்ற வேண்டும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே ஓரடி. டீச்சர் அங்கே போய், செருப்பைக் கழற்றிவிட்டுத் திட்டில் ஏறி, கைபேசியைத் தலைக்கு மேலாக, கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தார். அந்தக் காலத்தில் கையைத் தூக்கித் தேர்வு எழுதியது பிள்ளைகள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "பத்துப் பேரை ஏத்துறதுக்கு இருபது நிமிசம் சார்" என்றார். "நீங்க நூறு பேர் படிச்சீங்களாமே, நல்லவேளை அப்ப இது இல்ல."

மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. டீச்சரும் சத்துணவு அமைப்பாளரும் நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாக ஏறுகிறார்கள். பெரிய வாத்தியார் புஞ்சையில் மிரட்டிப் பார்த்தார். இவர் திண்ணையில் கெஞ்சிப் பார்க்கிறார்.

"ஏம்மா, ஸ்மார்ட் கிளாஸ் இருக்கு, இங்கிலீஷ் மீடியம் இருக்கு, ரெண்டு வேளைச் சாப்பாடு. ஒரு வருசம் விட்டுத்தான் பாருங்களேன்."

"எல்லாம் சரிதான் டீச்சர். ஆனா வேன் வராதே."

"உங்க வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நாலு எட்டும்மா, வேன் எதுக்கு?"

"அதான் டீச்சர்."

பள்ளிக்கூடத்துக்கு நூறு வயது. நூறாண்டு கண்ட அரசுப் பள்ளிகளில் விழா எடுக்கச் சொல்லி அரசு 2025இல் அறிவித்ததும், வாட்சப் குழுவுக்கு உயிர் வந்தது. துபாய், பெங்களூர், சென்னை என்று கிளம்பி வருகிறோம் என்கிறார்கள். பந்தல், இருநூறு நாற்காலி, மத்தியானம் பிரியாணி. ஒருவர் குடிநீர் எந்திரம் தருகிறார், இன்னொருவர் இரும்பு பீரோ. ஏற்கெனவே பீரோ இருக்கிறதே என்றதற்கு, அது கவர்மென்ட் பீரோ, இது நம்ம பீரோ என்று பதில் வந்தது. கலை நிகழ்ச்சி வேண்டும் என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். கோலாட்டம் வைக்கலாம் என்றார் டீச்சர். கோலாட்டத்துக்கு ஜோடி வேண்டும், பதினொன்று ஒற்றைப்படை. அந்தப் பதினொன்றிலும் மூன்று பேர் ஒன்றாம் வகுப்பு, கோலைக் கொடுத்தால் கண்ணைக் குத்திக்கொள்வார்கள்.

கடைசியில் வேன் பிள்ளைகளில் எட்டுப் பேரை அன்றைக்கு ஒரு நாள் லீவு போடச் சொல்வது என்று முடிவானது. சீருடைக்குப் பிரச்சினை இல்லை. நான்கு செட்டில் இரண்டு பிரிக்காமலே இருக்கிறது. வட்டாரக் கல்வி அலுவலர் எத்தனை மணிக்கு வருகிறார் என்று விசாரிக்கும் பொறுப்பை, விளாத்திகுளத்தில் டீக்கடை வைத்திருக்கும் எங்கள் செட்டுக்காரன் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.